நடுப்புள்ளியைத் தொடாத கோடு

…அவ வர்றாளான்னு மட்டும் சொல்லிடுடி, இவ்வளவுதான் அம்மா சொன்னாள், வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்த என் முதுகைப் பார்த்துச் சொன்னாள், அக்கா வந்தால் தானும் வருவாளா, இல்லை அக்கா வந்தால் அம்மா வரமாட்டாளா, அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம், குனிந்திருக்கும்போது கேட்பது சுலபம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் பஸ் போய்விடும் என்று மனசு ஒரு சாக்கு சொன்னது, பஸ்ஸோ நான் போய் நின்று கால் கடுத்த பிறகுதான் வந்தது. அந்த பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்போது அக்கா அழைத்தாள், பின்னணியில் டேப் கிழிக்கிற சத்தம், பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள், உன் பேச்சு மூணு மணிக்குத்தானே, முடிஞ்சா வந்து ஒரு ஓரமா உக்காந்துட்டு அப்படியே ஏர்போர்ட் போயிடறேன், என்றாள், பிறகு டேப் சத்தம் நின்றது, அம்மா வர்றாங்களான்னு மட்டும் சொல்லிடு, என்றாள், வைத்துவிட்டாள். அச்சு அசல் அதே கேள்வி. தாயும் மகளும் ஒருத்தியோடு ஒருத்தி பேசுவதில்லை, ஆனால் என்னை என்ன கேட்பது என்பதை மட்டும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணியதுபோல் இருக்கிறது.

இப்போது துறையில் என் அறை, மேஜைமேல் சாக்பீஸ் டப்பா, எழுதி அடித்து எழுதிய தாள்கள், ஆறிப்போன டீ, ஜன்னலுக்குக் கீழே யாரோ தன் சைக்கிளை வரிசையிலிருந்து உருவப் பார்க்கிறார், ஒன்றை இழுத்தால் பக்கத்துச் சைக்கிள்களும் கூடவே வருகின்றன, நான் யோசிக்க வேண்டியது என் தேற்றத்தைப் பற்றி, இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டு பிடித்த தேற்றம், இன்றைக்குத்தான் முதல்முறையாக நாலு பேர் முன்னால் சொல்லப்போகிறேன், ஆனால் மண்டைக்குள் ஓடுவதென்னவோ வர்றாளா, வர்றாங்களா. அக்கா இன்று சாயங்காலம் விமானம் ஏறுகிறாள். அத்தானும் குழந்தையும் முன்னாடியே போய்விட்டார்கள், இவள் பல் டாக்டர், கிளினிக்கைக் கைமாற்றிவிட்டுப் போவதற்காகத் தங்கியிருந்தாள், போனால் எப்போது வருவாள் என்று அவளுக்கே தெரியாது, அங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் பேச்சு. அம்மாவின் கண் ஆபரேஷனிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை, அன்றைக்கு அக்கா வரவில்லை, மறுநாள் சாயங்காலம்தான் வந்தாள், ஒரு கண்ணில் பச்சை மூடி போட்டு உட்கார்ந்திருந்த அம்மா மற்ற கண்ணால் அவளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, விருந்தாளி வந்தாச்சு, நாற்காலி எடுத்துப் போடுடி, என்றாள். அவ்வளவுதான். அக்கா நின்றபடியே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள், போய்விட்டாள். நான் இழுத்துப் போட்ட நாற்காலி கூடத்து நடுவில் அப்படியே நின்றது, அப்புறம் அதில் முட்டியை இடித்துக்கொண்டவளும் நான்தான். இதற்கா இத்தனை என்று கேட்டால், இதற்குத்தான், இதற்கு முன்னாலும் என்னென்னவோ இருந்திருக்கும், எனக்குத் தெரியாது, நடுவில் இருக்கிறவளுக்கு எல்லாம் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

அம்மா அவள் வீட்டுப் படி ஏறமாட்டாள், அவள் அம்மா வீட்டுப் படி ஏறமாட்டாள், ஆனால் என் பேச்சு நடக்கும் அறை யார் வீடும் இல்லை, நாற்காலி போட்டிருக்கும், முன்னால் நான் நின்று எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பேன், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாலும் யாரும் யாரிடமும் இறங்கிப் போனதாக ஆகாது, இதைவிட நல்ல இடம் இனிமேல் கிடைக்காது, கிடைத்தாலும் அக்கா இங்கே இருக்கமாட்டாள். அது தெரிந்துதான் இரண்டு பேரும் கேட்கிறார்களா, இல்லை அதற்குப் பயந்துதான் கேட்கிறார்களா… போனில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது, நாம மூணு பேர் என்று பெயர், குழந்தை பிறந்தபோது போட்டோ போட அக்கா ஆரம்பித்தது, சண்டைக்குப் பிறகும் இரண்டு பேரும் அதிலிருந்து வெளியே போகவில்லை, போனால் போனதாகக் காட்டிவிடுமே, ஆனால் எழுதுவதும் இல்லை, எழுதுகிறவள் நான் ஒருத்திதான், அவர்கள் வாசிப்பார்கள். தனித்தனியாக என்னிடம் சொல்வார்கள், குழந்தைக்கு இருமல் விட்டுச்சான்னு கேளு, நான் கேட்டேன்னு சொல்லாதே, இது அம்மா, அம்மாவுக்குக் கண் உறுத்தல் நின்னுச்சா, நான் கேட்டேன்னு சொல்லாதே, இது அக்கா, நான் இரண்டையும் விசாரித்துவிட்டுக் குழுவில் ஒரே ஒரு வரி போடுவேன், ரெண்டும் சரியாயிடுச்சு. தன் கண் சரியானது அம்மாவுக்குத் தெரியும், அதைக் கழித்தால் மிச்சம் குழந்தையின் இருமல், குழந்தை இருமவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும், அதைக் கழித்தால் மிச்சம் அம்மாவின் கண், வெளியாள் யாராவது படித்தால் எந்த ரெண்டு என்று முழிப்பான். போனது ஒரு வரி, போய்ச் சேர்ந்தது இரண்டு சேதி, யார் கௌரவமும் குறையவில்லை, நானும் இரண்டு தடவை தட்டச்சு பண்ண வேண்டியதில்லை.

சிரிப்பு என்னவென்றால் இதுதான் என் தொழிலும், நெட்வொர்க் கோடிங், வலைப்பின்னலுக்கு நடுவில் ஒரு கருவி, அதிலிருந்து வெளியே போக ஒரே வழி, உள்ளே இரண்டு சேதி வருகிறது, ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினால் நேரம் பிடிக்கும், இரண்டையும் கூட்டி அனுப்பு, ஒன்றை ஏற்கெனவே தெரிந்தவன் அதைக் கழித்து மற்றதை எடுத்துக்கொள்வான், அவ்வளவுதான் அடிப்படை, மீதியெல்லாம் எதை எதோடு கூட்டலாம் என்கிற வம்பு. அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள், காதில் மாட்டிக்கொண்டு, கயிற்றைச் செருகி, ஒரு ஊரை இன்னொரு ஊரோடு சேர்த்துவிட்டு, பேசுங்க, என்று ஒரு வார்த்தை சொல்லிக் காதை எடுத்துக்கொள்கிற வேலை, நான் என் ஆராய்ச்சியை விளக்கியபோது மோவாயில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள், ரெண்டு பேச்சு கலந்துடக் கூடாதுன்னு எங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்க, கலக்கிவிடறதுக்கு உனக்குக் குடுக்கறாங்களா, என்றாள், அக்காவும் அப்போது இருந்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள், சண்டைக்கு முந்தின காலம். சரி, சிரிப்பை விடு, பலகையில் முதலில் என்ன வரையவேண்டும், முக்கோணம், எதை எதோடு கூட்டலாம் என்பதற்குத்தான் இந்தப் புள்ளிகளும் கோடுகளும், மூன்று மூலைப் புள்ளி, மூன்று பக்கத்திலும் ஒவ்வொரு பக்கப் புள்ளி, எல்லாவற்றுக்கும் மத்தியில் ஒரு நடுப்புள்ளி, ஆக ஏழு, புள்ளி என்றால் சேதி, பக்கப் புள்ளி என்றால் அந்தப் பக்கத்து இரண்டு மூலைச் சேதிகளையும் கூட்டியது, மூன்று புள்ளி ஒரே கோட்டில் இருந்தால் இரண்டு தெரிந்தவனுக்கு மூன்றாவது தானாகத் தெரியும் என்று அர்த்தம், பக்கங்கள் மூன்று கோடு, மூலையிலிருந்து நடுப்புள்ளி வழியாகப் போகிறவை மூன்று கோடு, ஏழாவதுதான் தகராறு, அது நேராக இருக்காது, மூன்று பக்கப் புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு வட்டமாகச் சுற்றும், நடுப்புள்ளியைத் தொடாது. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூஜ்யம் என்கிற எண் உலகத்தில் மட்டும்தான் அந்த வட்டம் உண்டு, விளக்கு சுவிட்சை இரண்டு முறை அழுத்தினால் பழைய இருட்டே வருமே, அந்த மாதிரி, கணினிகள் எல்லாம் வாழ்வது அந்த உலகத்தில்தான், மற்ற உலகங்களில் படம் அதே படம், ஏழாவது கோடு மட்டும் காணாமல் போய்விடும். வட்டம் இருந்தால்தான் ஓடுகிற வலைப்பின்னல்கள் உண்டு, வட்டம் இல்லாவிட்டால்தான் ஓடுகிறவையும் உண்டு, இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டால் கூட்டிக் கழித்து ஒன்றும் ஆகாது, முட்டிக்கொண்டு நிற்கும். எவையெல்லாம் அப்படி முட்டிக்கொள்ளாது, எந்த எண் உலகத்திலும் ஒரே செய்முறை ஓடும், என்று அடையாளம் சொல்வதுதான் என் தேற்றம்.

தாளின் ஓரத்தில் என் வீட்டையும் போட்டுப் பார்த்தேன், நேரமாகிக்கொண்டிருக்கும்போது வேறென்ன செய்வேன். இரண்டு பேருக்கும் பார்க்க ஆசை என்று வை, அவள் வருகிறாள் என்ற சேதிக்காக இவளும் இவள் வருகிறாள் என்ற சேதிக்காக அவளும் காத்திருப்பார்கள், யாரும் முதல் அடி வைக்கமாட்டார்கள். இரண்டு பேருக்கும் பார்க்கப் பிடிக்கவில்லை என்று வை, யாராவது ஒருத்தி வந்துவிட்டுப் போகட்டும், தொல்லை இல்லை. ஒருத்திக்கு ஆசை, ஒருத்திக்குப் பிடிக்கவில்லை என்றால்தான் சிக்கல், அக்கா வந்தால் அம்மா வருவாள், அம்மா வந்தால் அக்கா வரமாட்டாள், அக்கா வராவிட்டால் அம்மா வரமாட்டாள், அம்மா வராவிட்டால் அக்கா வருவாள், நாய் வாலைத் துரத்துகிற கதைதான், வட்டம் உள்ளதும் வட்டம் இல்லாததும் ஒரே வீட்டில். கேட்டுத் தொலைத்தால் என்ன, போனை எடுத்து, அம்மா, உனக்கு அவளைப் பாக்கணுமா வேண்டாமா, என்று கேட்டுவிட்டால்… எனக்கென்ன, வந்தா வரட்டும், என்பாள், அதை ஒன்று என்று எழுதுவதா பூஜ்யம் என்று எழுதுவதா. அக்காவைக் கேட்டால் சிரிப்பாள், அவள் சிரிப்பு அதைவிட மோசம். இரண்டு பேரிடமும் மற்றவள் வருகிறாள் என்று சொல்லிவிட்டால்? ஆசை என்றால் வந்து சேர்ந்துவிடுவார்கள், பொய்யே மெய்யாகிவிடும், ஆனால் ஒருத்தி மட்டும் வந்துவிட்டால், அம்மா மட்டும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, நான் பேசி முடிக்கும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தால்… முடியாது, அதை மட்டும் என்னால் பார்க்க முடியாது. கடைசியில் குழுவில் எழுதினேன், மூணு மணி, ரெண்டாவது மாடி, கடைசி ரூம், இடம் நிறைய இருக்கு. வருகிறாள் என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை, படிக்கிறவள் தனக்குத் தெரிந்ததைக் கழித்து வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் படித்துவிட்டதாகக் காட்டியது, பதில் இல்லை, குழுவில் பதில் வருவதே இல்லையே, அதனால் பதில் இல்லாததற்கு ஒரு அர்த்தமும் கிடையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஆறின டீயைக் குடித்தேன்.

கடைசி அறைக்கு இரண்டு கதவு, பலகைப் பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று, பின்கதவு கிறீச்சிடும், நழுவுகிறவர்கள் யார் என்று துறைத்தலைவருக்குத் தெரிவதற்காகத்தான் அதற்கு எண்ணெய் போடுவதில்லை என்று பேச்சு. முன்னாடியே போய்க் கடைசி வரிசையில் இடம் பிடித்தேன், அடுத்தடுத்த நாற்காலியா, அது அதிகப்பிரசங்கித்தனம், எட்ட எட்டவா, அது சண்டையை நானே ஊரறிய ஒப்புக்கொண்ட மாதிரி, ஒன்றில் என் கைப்பையை வைத்தேன், ஒன்று விட்டு அடுத்ததில் குடையை வைத்தேன், நடுவில் ஒரு நாற்காலி காலி, ஏன் அப்படி வைத்தேன், யாருக்கு அந்த நடு நாற்காலி, நான்தான் பலகைப் பக்கம் நிற்கப்போகிறேனே. ஆட்கள் வந்தார்கள், ஆய்வு மாணவர்கள் சிலர், துறைத்தலைவர், முன்வரிசையில் ஏன்சார், ஓய்வு பெற்றும் விடாமல் வருகிறவர், எதற்கும் ஏன் என்று கேட்பதால் வந்த பெயர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறும் கண்ணால் பலகையைப் பார்ப்பார், அப்படிப் பார்த்தால்தான் தப்பு தெரியும் என்பார். முக்கோணம் வரைந்தேன், ஏழு புள்ளி வைத்தேன், வட்டம் போட்டேன், இந்த வட்டம் இரண்டு என்பதே பூஜ்யமாக இருக்கும் உலகத்தில் மட்டும்தான், என்று சொல்லும்போது பின்கதவு கிறீச்சிட்டது, திரும்பினேன், யாரோ மாணவன், தலையைக் குனிந்துகொண்டு கடைசி வரிசையில் உட்காரப் போனான், என் கைப்பையை எடுக்கப் பார்த்தான், அது இல்ல, அதுக்கு ஆளிருக்கு, என்றேன் பலகையிலிருந்தே, எல்லோரும் திரும்பிக் கைப்பையைப் பார்த்தார்கள்.

எங்கே விட்டேன், ம், மூன்று சேதிகள், எக்ஸ், ஒய், இஸட், நமக்குத் தனித்தனியாகக் கிடைக்கவில்லை, இரண்டிரண்டாகக் கூட்டியது மட்டும் கிடைக்கிறது, எக்ஸும் ஒய்யும், ஒய்யும் இஸட்டும், இஸட்டும் எக்ஸும், இந்த மூன்று கூட்டுத்தொகைகளை வைத்து மூன்றையும் பிரித்துவிடலாம் என்பதுதான் என் முதல் படி, எழுதிக்கொண்டே போகிறேன், மறுபடி கதவா, இல்லை, காற்று, முதலாவதையும் மூன்றாவதையும் கூட்டினால் எக்ஸ் இரண்டு தடவை வரும், அதில் இரண்டாவதைக் கழித்தால் ஒய்யும் இஸட்டும் போய்விடும், மிச்சம் இரண்டு எக்ஸ், இரண்டால் வகுத்தால் எக்ஸ், அம்மா பஸ்ஸில் வருவாளா ஆட்டோவில் வருவாளா, பஸ் என்றால் இந்நேரம் பாலம் தாண்டியிருக்கும், அதே மாதிரி ஒய், அதே மாதிரி இஸட்… ஏம்மா, என்றார் ஏன்சார், சத்தமாகக்கூட இல்லை. ரெண்டால வகுக்கறீங்களே, ஏன், என்றார். பிரிக்கறதுக்கு சார், என்றேன். இல்ல, ரெண்டுங்கறதே பூஜ்யமா இருக்கற எடத்துல எப்படி வகுப்பீங்கன்னு கேக்கறேன். நான் பலகையைப் பார்த்தேன். இடது பக்கம் என் கையாலேயே போட்ட வட்டம், இரண்டு என்பது பூஜ்யம் என்பதால் மட்டுமே இருக்கிற வட்டம், வலது பக்கம் என் கையாலேயே இரண்டால் வகுத்த வரி, இரண்டும் ஒரே பலகையில், ஒரே சாக்பீஸில், நடுவில் ஒரு முழ இடம்கூட இல்லை. பூஜ்யத்தால் வகுக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே தெரியும், எங்களைப் போன்றவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும், இரண்டு என்றால் பூஜ்யம், இரண்டு என்றால் பூஜ்யம் என்று நாள்முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, கை எழுதும்போது அதை வெறும் இரண்டு என்று நம்பிவிடுகிற தப்பு. வகுக்க முடியாது சார், என்றேன். அப்ப தேற்றம், என்றார். போச்சு சார், என்றேன். முழுசா போகலம்மா, பாதி போச்சு, என்றார் ஆறுதலாக, பாதின்னா மறுபடி ரெண்டால வகுக்கணுமே சார், என்று துறைத்தலைவர் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே பின்வரிசையைப் பார்த்தேன், கைப்பை இருந்தது, காலி நாற்காலி இருந்தது, குடை இருந்தது.

எல்லோரும் போனபிறகு குடை வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். குழுவில் ஒன்றுமில்லை. தனியாக அம்மா எழுதியிருந்தாள், பேச்சு ஆரம்பித்த நேரத்தில், நீ ஒண்ணும் சொல்லலையே, அப்ப அவ வரலைன்னு புரிஞ்சுக்கிட்டேன், பொடவை மாத்தி ரெடியாத்தான் இருந்தேன், பரவால்ல, அப்புறம் ஒரு வரி, எல்லார் முன்னாடியும் நாங்க ஏதாவது பண்ணிடுவோமோன்னு உனக்குப் பயமோ என்னவோ. தனியாக அக்கா எழுதியிருந்தாள், அம்மா வர்றதா நீ சொல்லவே இல்ல, கேட் வரைக்கும் வந்துட்டேன், நான் மட்டும் வந்து உக்காந்தா நல்லாருக்காதுன்னு திரும்பிட்டேன், ஏர்போர்ட் போயிட்டிருக்கேன், நல்லா பேசினியா. கேட் வரைக்கும். நான் பலகையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் கீழே கேட்டில் நின்றிருக்கிறாள், அம்மா புடவை மாற்றிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், இரண்டு பேருக்கும் ஒரே ஆசை, ஒன்றும் ஒன்றும், நான் கூட்டினேன், பூஜ்யம் வந்தது, பூஜ்யத்தை அனுப்பினேன். எனக்கு அழுகை வந்தது, தேற்றம் போனதற்கு வராத அழுகை. அவர்கள் சரியாகத்தான் கழித்தார்கள், தங்களுக்குத் தெரிந்ததைக் கழித்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டார்கள், ஆனால் மிச்சத்தில் இருந்தது மற்றவள் இல்லை, நான், என் பயம், அம்மா அதைக்கூடக் கண்டுபிடித்து எழுதிவிட்டாள், அந்த வரிகளில் எப்போதும் இரண்டு சேதிதான் போகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன், மூன்றாவதாக நானும் ஒட்டிக்கொண்டே போயிருக்கிறேனா, இருமலிலும் கண்ணிலும்கூடவா…

விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. குழுவைத் திறந்து, இன்னும் நேரம் இருக்கு, ரெண்டு பேரும், என்று எழுத ஆரம்பித்தேன், மறுபடி கலக்குகிறேன் என்று தெரிந்தது, அழித்தேன். நான் கேட்டேன்னு சொல்லாதே, இதைத்தானே இத்தனை நாளும் காப்பாற்றினேன், அதைக் காப்பாற்றி என்ன கிழித்தேன். அம்மா எழுதியதை அப்படியே எடுத்துக் குழுவில் போட்டேன், என் பயத்தைப் பற்றிய அந்த வரியையும் சேர்த்து, அக்கா எழுதியதையும் அப்படியே போட்டேன், கேட்டையும் சேர்த்து, ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை, அதற்குக் கீழே, பேசுங்க, என்று ஒரு வார்த்தை எழுதி அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். திட்டப்போகிறார்கள், அம்மா இனிமேல் என்னிடம் எதையும் சொல்லமாட்டாள், அக்கா போகிற போக்கில் என்னையும் கழித்துக்கட்டிவிட்டுப் போவாள், பொறுக்கமுடியாமல் நிமிர்த்திப் பார்த்தேன், இரண்டு பேரும் படித்துவிட்டார்கள், ஒரு வரி இல்லை. அம்மாவை அழைத்தேன். வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. அக்காவை அழைத்தேன். அவளும் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்றது. இரண்டு பிஸியைக் கூட்டினால் என்ன வரும்… ஒரே பேச்சின் இரண்டு முனையா, இல்லை அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் புலம்பிக்கொண்டும் அக்கா அத்தானிடம் பெட்டி எடையைப் பற்றிச் சொல்லிக்கொண்டும் இருக்கிறார்களா, எனக்குக் கிடைத்ததை வைத்து அதைப் பிரிக்க முடியவில்லை, யாரையாவது கேட்கலாம் என்றால் அவர்களைத்தான் கேட்கவேண்டும், இரண்டு பேரும் பிஸி.

பலகையை அழிக்கவேண்டும், அடுத்த வகுப்புக்காரர்கள் வந்துவிடுவார்கள், டஸ்டரை எடுத்தேன், இரண்டால் வகுத்த வரியை முதலில் அழித்தேன், கைக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. மேலே அந்த மூன்று கூட்டுத்தொகைகள் மிச்சம் இருந்தன. எக்ஸ் அம்மா என்று வை, ஒய் அக்கா, இஸட் நான். எனக்கு எப்போதும் கிடைத்தவை இரண்டுதான், அம்மாவும் நானும், அக்காவும் நானும். வகுக்காமல் சும்மா கூட்டிப் பார்த்தால்? நான் இரண்டு தடவை வருகிறேன், இரண்டு என்றால் பூஜ்யம், நான் கழன்றுபோகிறேன், மிச்சம் அம்மாவும் அக்காவும். மூன்று கூட்டுத்தொகையும் ஒரே கோட்டில் வந்துவிடுகின்றன, அதுதானே இடது பக்கம் நான் போட்ட வட்டம், என் தேற்றத்தை உடைத்ததும் அதுதானே, மூன்று பக்கப் புள்ளியையும் தொட்டுக்கொண்டு போகிறது, நடுப்புள்ளியின் பக்கமே வரவில்லை. டஸ்டரோடு அதன் முன்னால் நின்றேன், அழிக்க மனசு வரவில்லை, வாசலில் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துவிட்டு, மேடம் இன்னும் முடிக்கல, என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மறுபடி அம்மாவை அழைத்தேன், மறுபடி அக்காவை அழைத்தேன், இரண்டு பேரும் இன்னும் வேறொரு அழைப்பில்தான் இருந்தார்கள், இவ்வளவு நேரம் பெட்டி எடையைப் பற்றி யாராவது பேசுவார்களா, பேசவும் பேசலாம். நான் கழன்றுபோனால்தான் அந்தக் கோடு வரும் என்பது மட்டும் கணக்கில் சரியாக வருகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.